ஷவ்கியின் குளுகுளு வீடு

சமையலறைச் சுவரிலிருந்து கரண்டு மீட்டர் கீச்சிட்டது. இன்ஷிராஹ் பதறி எழுந்தாள். அவள் கணவன் ஷவ்கி கண்ணாலேயே அவளை உட்கார வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினான்.

"அது என்ன அண்ணே சத்தம்?" என்றாள் விருந்துக்கு வந்திருந்த புஸைனா.

"பக்கத்து வீட்ல கிளி வளக்கறாங்க."

"கிளியா இது? ஷுப்ராவுல என் வீட்டு எலி இதைவிட நல்லாப் பாடுமே!"

புஸைனா ஷவ்கியின் தங்கை, கணவனை இழந்தவள். கெய்ரோவின் நெரிசல் மிகுந்த ஷுப்ராவில் அந்தக் கணவன் விட்டுப்போன இரண்டு அறை வீடுதான் அவளுடைய மொத்த ஆஸ்தி. அதை விற்க வைத்து, இந்தப் பாலைவன நகரத்தில் எதிர்வாசல் வீட்டை அவள் தலையில் கட்டினால், கட்டட முதலாளியிடமிருந்து ஷவ்கிக்குத் தரகு உண்டு. சொந்தத் தங்கைக்கு விரித்த வலைக்கு வாத்துக்கறி விருந்து!

தபாலாபீசில் ஆயுள் முழுக்க முத்திரை குத்தியவனுக்கு, ஓய்வு பெற்றதும் பெரிய மனிதனாகும் ஆசை வந்தது; ஷுப்ராவை விட்டு இங்கே குடியேறினான். அங்கே ஒரு மின்விசிறியும் நைல் காற்றும் போதுமாக இருந்தன. இங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, காலையில் நுழைந்த வெயில் சாயங்காலம்வரை எழுந்து போகாது. முன்கூட்டியே கார்டில் காசு போட்டால்தான் மீட்டர் கரண்டு தரும், காசு தீரப்போனால் கீச்சிடும்; பென்ஷன் வந்த கையோடு அந்தக் கார்டுக்குள் போய்விடும். யூனிட் கொஞ்சம் கூடினால் கட்டணம் அடுத்த படிக்குத் தாவும். வாசலில் புல்வெளி வேறு. அதற்கு ஊற்றும் தண்ணீருக்கும் இவர்கள்தான் அழ வேண்டும். மேய ஓர் ஆடு வைத்துக்கொள்ளக்கூட அனுமதி கிடையாது.

மத்தியானம் ஏசியை அணைத்துவிட்டு ஷவ்கி பள்ளிவாசல் குளிரில் போய்ப் படுப்பான். அதில் அவனுக்குப் பக்திமான் என்று பேர்! இன்ஷிராஹ் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு குளியலறைத் தரையில் கிடப்பாள். இன்றோ, தங்கை மயங்கவேண்டும் என்று விடியற்காலையிலிருந்து ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஷவ்கி முன்பண ஒப்பந்தத்தை நீட்டினான். புஸைனா பேனாவை எடுத்தவள், நிமிர்ந்தாள்.

"கரண்டுக்கு எவ்வளவு ஆகுது அண்ணி?"

"டீச்செலவுதான்" என்று ஷவ்கி முந்திக்கொண்டான்.

"உங்களையா கேட்டேன்?"

இன்ஷிராஹ் கணவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வீட்டை விட்டே துரத்திவிடுவதாக அவன் நேற்று மிரட்டியிருந்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டால், இந்தப் பாவப்பட்டவளும் நாளை குளியலறைத் தரையில் கிடப்பாளே! கண்ணீர் பொலபொலவென்று உதிர, வெறும் கைகளை நீட்டினாள்.

"என் வளையல் எங்கன்னு கேளு புஸைனா. ரெண்டையும் இந்த மீட்டர்தான் தின்னுச்சு. வித்துடாதே கண்ணு, உன் வீட்டை வித்துடாதே!"

புஸைனா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"அடிப்பாவி, என் வாயில மண்ணைப் போட்டுட்டியே!" என்று ஷவ்கி குதித்தான்.

"அதுக்கு அண்ணி எதுக்கு? ஜன்னலைத் திறங்க, தானா வந்து விழும்" என்றாள் தங்கை. பிறகு இன்ஷிராஹின் கையைப் பிடித்தாள். "என்கூட வந்துடுங்க அண்ணி. ரெண்டு ரூம்ல ஒண்ணு உங்களுக்கு."

"நான் போயிட்டா, எதிர்வீட்டுக்கு வேற எவளையாவது கூட்டிட்டு வருவாரு. யாராவது இங்க இருந்து சொல்லணும்ல?"

"துரத்திட்டார்னா?"

"துரத்தட்டும். துணி துவைக்க, சமைக்க ஆள் வச்சா அதுக்கும் காசு கேப்பாங்களே, அந்தத் தைரியம் இவருக்கு ஏது?"

விருந்தாளி செருப்பு மாட்டுவதற்குள் ஷவ்கி ஓடிப்போய் ஏசியை அணைத்தான். புஸைனா அண்ணியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, அண்ணனைத் திரும்பியும் பார்க்காமல் வெளியேறினாள். இன்ஷிராஹ் கதவைச் சாத்தினாள்.