பேசினில் விழுந்த நட்டு

பிள்ளைகளே, கார் ஒயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கீழே இருக்கிற நட்டைக் கழற்றினால் பழைய ஒயில் வடிந்துவிடும். நட்டைத் திரும்பப் பூட்டி, மேலால் புது ஒயிலை ஊற்றினால் வேலை சரி. போன கிழமை நான் செய்தபோது நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தீர்கள். உங்கள் அம்மா தந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. என்னுடைய அப்பாவும் ஒருமுறை அதே வேலையைத் தொடங்கினார். அது முடிவதற்குள் என் சித்தப்பாவின் கலியாணமே மாறிப்போயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. யுத்தம் முடிந்து, பெட்ரோல் ஓரளவு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கந்தோரில் கிளாக்கர். அவருடைய துரை சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போன பழைய காரை அப்பா வாங்கியிருந்தார். ஒழுங்கையில் கார் என்றால் அது ஒன்றுதான். அதன் ஸ்டியரிங்கை அப்பாவைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. சித்தப்பா தொடலாம், துடைப்பதற்கு மட்டும்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. தபால் கந்தோரில் வேலை, எங்களோடுதான் இருந்தார். ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார், அண்ணன் முன்னால் மட்டும் வாய் திறவாது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் இருக்கிறது, சீதனமாக வீடே எழுதித் தருவார்கள் என்று தரகர் வந்து சொன்னபோது, "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாறம்" என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பாவைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. சித்தப்பாவும் "சரி அண்ணை" என்றார்.

அந்த ஞாயிறு காலை சித்தப்பா இடியப்பத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"தம்பி, சம்பல் உறைப்பே?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அண்ணி. பசிக்கேல்லை."

அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் தட்டை மட்டும்தான் பார்த்தேன். அதிலிருந்ததை நானே சாப்பிட்டு முடித்தேன்.

பெண் பார்க்கப் போகிற கார் முக்கி முனகாமல் ஓடவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. புது ஒயில் ஒரு தகரம் வாங்கி வைத்திருந்தார். சேட்டைக் கழற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, முற்றத்தில் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தார். அம்மா வாசற்படியில் வந்து நின்றார்.

"இண்டைக்கோ எண்ணெய் வைக்கப் போறியள்? ஆம்பிளையளுக்குச் சனி, பொம்பிளையளுக்கு வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஆரும் எண்ணெய் முழுகிறதே?"

"இது வெள்ளைக்காரன்ரை கார்," என்று கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அதுக்கு ஞாயிறுதான் லீவு. நீர் அந்தப் பேசினை இஞ்சாலை தள்ளும்."

"என்ரை உடுப்புத் தோய்க்கிற பேசினோ?"

"புதுசு வாங்கித் தாறன்."

"போன முறையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

ஒயில் சூடாக இருந்தால்தான் நன்றாக வடியும் என்று அப்பா சற்று முன்தான் காலிக்குப் போகிற வீதியில் காரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்திருந்தார். ஆகவே நட்டின் கடைசிச் சுற்று கழன்றதும் சுடுஒயில் அவர் கையில் பாய்ந்தது. அவர் கையை உதற, நட்டு பேசினுக்குள் விழுந்து கறுப்பு ஒயிலில் மறைந்தது.

"கிடக்கட்டும். பேசினை விட்டு எங்கை போகப்போகுது?" என்று சொல்லிவிட்டு, கடைசித் துளிவரை வடியட்டும் என்று அப்பா குளிக்கப் போனார். சித்தப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் ஒழுங்கைக்கு ஓடி, எங்கள் வீட்டில் ஒயில் மாற்றுகிறோம் என்று வீடு வீடாகச் சொன்னேன். முற்றத்தில் அம்மா மட்டும் நின்றார்.

எரிந்த ஒயிலை அந்தக் காலத்தில் ஒருவரும் வீணாக ஊற்றிவிடமாட்டார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் சனம் வந்துவிட்டது. பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கிற பாண்காரன் தன் வண்டில் சில்லுக்குப் பூச ஒரு டின் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, திறக்கும்போது கத்துகிற படலைக்கு விட ஒரு மருந்துப் போத்தல் கொடுத்தனுப்பினார். ஒழுங்கை முடிவிலிருந்த பென்சன் எடுத்த ஸ்டேஷன் மாஸ்டர், வேலித் தூண்களைக் கறையான் அரிக்கிறதென்று ஒரு வாளியோடு வந்தார். கடற்கரை ரயில் போகிற சத்தம் கேட்டதும் வாளியைக் கீழே வைத்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்து, "பிந்திப் போட்டான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாளியைத் தூக்கினார். சித்தப்பாவை எழுப்பிக் கூட்டிவந்தோம். அவர் சிரட்டையால் அள்ளி அள்ளி எல்லோருக்கும் கொடுத்தார்.

அப்பா திருநீறு பூசிக்கொண்டு வந்து பேசினைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் கறுப்பு மண்டி கிடந்தது. நட்டு இல்லை.

"எங்கை நட்டு?"

அப்பா குளித்த கையைத் திரும்ப விட்டுத் துழாவினார். பேசினைக் கவிழ்த்தார். சாக்கை உதறினார். வாழையடி, படலையடி, காரின் அடி எல்லாம் பார்த்தார். நட்டு இல்லாமல் புது ஒயில் ஊற்றமுடியாது; ஒயில் இல்லாமல் கார் இல்லை; கார் இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனை இல்லை.

"பஸ்ஸிலை போய் ட்ராம் எடுப்பமே?" என்றார் அம்மா.

"வீடு எழுதித் தாற இடத்துக்கு ட்ராமிலை போய் இறங்குறதோ?"

தெமட்டகொடையில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருந்தான். ஆள் அனுப்பிக் கேட்டால், அவன் குடும்பத்தோடு களனி விகாரைக்குப் போய்விட்டான் என்று பதில் வந்தது. பிறகு ஒரு போத்தல் தக்கையைத் துணி சுற்றி அடைத்துப் பார்த்தார்கள். அப்பா புது ஒயிலில் ஒரு கோப்பை விட்டார். அது தக்கையைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"பரவாயில்லை அண்ணை," என்றார் சித்தப்பா. "கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்வரை ஒண்டுக்கு இருந்துகொண்டு போகும்."

அந்தக் கிழமை முழுவதிலும் அவர் விட்ட முதல் பகிடி அது. அப்பா முறைத்தார்.

நட்டு யாருடைய ஒயிலோடோ போய்விட்டது என்று அப்பா முடிவுகட்டினார். மருந்துப் போத்தலின் வாய்க்குள் அது போகாது. மிச்சம் பாண்காரனின் டின், ஸ்டேஷன் மாஸ்டரின் வாளி. சித்தப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாண்காரனைத் தேடிப் புறப்பட்டார். கால்வாய்ப் பாலத்தடியில் பிடித்தோம். அவன் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "மொகுத் நே மாத்தயா," ஒன்றுமே இல்லை ஐயா, என்று சிங்களத்தில் சொன்னான். அப்படியானால் சரி மல்லி, சரி தம்பி என்று சித்தப்பா அவன் முதுகில் தட்டி, எனக்கு ஒரு பனிஸ் வாங்கித் தந்தார். வீடு வரும்வரை விசிலடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார். நட்டுக் கிடைக்காததற்கு இவ்வளவு சந்தோசம் ஏன் என்று நான் கேட்கவில்லை. என் வாய் நிறையப் பனிஸ் இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றார் அம்மா அப்பாவிடம். "ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு நீங்களே போங்கோ. வயசான மனிசன், ஆள் அனுப்பிக் கேட்டால் மரியாதை இல்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

நானும் ஒட்டிக்கொள்ள மூன்று பேரும் போனோம். ஸ்டேஷன் மாஸ்டர் பாதித் தூண்களுக்குப் பூசிவிட்டுக் களைத்துப்போய் இருந்தார். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், விசயத்தைக் கேட்டதும் எழும்பி வந்தார். ஒரு தடியால் கிண்டிப் பார்ப்போம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முழங்கைவரை கையை வாளிக்குள் விட்டார்.

"ஐயோ பிள்ளை, கை பழுதாப் போகும்," என்றார் அப்பா.

"கழுவினால் போகும் ஐயா. நாலு மணிக்கு நல்ல காரியம் எண்டியள்."

அடியிலிருந்து ஒரு ஓட்டுத்துண்டு வந்தது. ஒரு புளியங்கொட்டை வந்தது. நட்டு வரவில்லை. ரீச்சர் நிமிர்ந்து, வேலியடியில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார்.

"நீங்கள் ஏன் அங்கை நிக்கிறியள்? கை விட்டால் தூண் விழுந்திடுமே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சித்தப்பா அப்போதுதான் ஒயில் பூசிய தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் முழுவதும் கறுப்பு. ரீச்சர் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்பா மட்டும் ரீச்சரையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அப்பா கேட்டார்:

"நீ அந்த வீட்டுக்குப் போறனியோ?"

"பேப்பர் பாக்க அண்ணை."

"எங்கடை வீட்டுக்கும் பேப்பர் வருதே."

கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"அப்ப கொட்டாஞ்சேனைக்கு ஏன் ஓமெண்டனீ?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. சொன்னனீங்கள்."

அப்பா ஒழுங்கையின் நடுவில் நின்றுவிட்டார். கோபம் வரப்போகிறது என்று நான் சித்தப்பாவின் பின்னால் ஒளிந்தேன். கோபம் வரவில்லை. "உந்தச் சேட்டை மண்ணெண்ணெயிலை ஊறப்போடு, இல்லாட்டிக் கறை போகாது," என்று சொல்லிவிட்டு அப்பா வேகமாக நடந்தார்.

தரகர் புதுக் குடையோடு வந்தபோது, கார் ஓடாது, இனி அந்தப் பேச்சும் வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு நல்ல இடமாகப் பாருங்கள் என்று அப்பா சொன்னார். தரகருக்குத் தாங்கவில்லை. "ஒரு நட்டுக்காக ஒரு வீட்டை விடுறியளே," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தநாள் காலை அம்மா நட்டைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தார்.

"வாழையடியிலை கிடந்தது."

"நான் அங்கையும் பாத்தனானே."

"ஆம்பிளையள் பாத்த இடத்திலைதான் நாங்கள் எல்லாம் எடுக்கிறது."

நீங்கள் சின்ன அப்பம்மா என்று கூப்பிடுகிறவர் அந்த ரீச்சர்தான். கலியாணத்துக்கு அந்தக் காரிலேதான் போனோம். கடவுள் அந்த நட்டை ஒரு நாள் மறைத்துவைத்தார் என்று அப்பா கடைசிவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒருபோதும் இல்லையென்று சொன்னதில்லை.

ஆனால் அந்த ஞாயிறு பின்னேரம், தரகர் முன்னறையில் அப்பாவோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, நான் குசினிக்குள் போனேன். அம்மா தேசிக்காய்த் தோலால் தன் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண் கறுப்பாக இருந்தது.

"அம்மா, நீங்கள் ஒயிலைத் தொடேல்லையே..."

அம்மா பனங்கட்டியில் ஒரு துண்டு உடைத்து என் வாயில் வைத்தார். தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல முன்னறைக்குப் போனார்.

வாய்க்குள் பனங்கட்டி கரைய நான் அங்கேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு கலியாணத்தை நிறுத்தி இன்னொன்றைத் தொடக்கிவைக்க முடியும் என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்காது. பனங்கட்டி டின்னின் மூடியில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை அப்பா கண்டால் அம்மாவுக்கு ஏச்சு விழும் என்று மட்டும் நினைத்தேன். சேட்டு நுனியில் எச்சில் தொட்டு, அது போகும்வரை துடைத்து, டின்னை அலுமாரித் தட்டின் பின்வரிசைக்குத் தள்ளிவைத்தேன்.