கூறில் வைக்காத வண்டி

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்கு மரியாதை செய்ததுபோல் ஆகிவிடும். நானும் அவளும் சில வருடங்கள் ஒரே வண்டிக்குள் குடியிருந்தோம் என்று சொன்னால் போதும்.

வண்டி என்றால் பழைய ஆம்புலன்ஸ். தண்டையார்பேட்டையில், கழித்துக் கட்டிய வண்டிகளை விற்கும் ஒருவரிடம் நின்றுகொண்டிருந்தது. என் தோடும் அவள் தாலிக்கொடியும் சேர்ந்து அதை வாங்கின. நோயாளியைக் கிடத்தும் பக்கம் என் படுக்கை, எதிரே அவள் படுக்கை, நடுவில் ஐஸ் பெட்டி, கதவோரம் மண்ணெண்ணெய் அடுப்பு. காத்திவாக்கத்துக் குப்பத்தின் கடைசியில், கழிமுகத்தைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தோம். காலையில் இறால் வாங்கிக்கொண்டு கம்பெனிக் குடியிருப்புகளுக்குப் போவோம், மணலி, வள்ளூர் வரைக்கும். ஓட்டுவது நான். வண்டியை விற்றவரிடமே கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டேன். ஆண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வழி விட்டார்கள்.

அவளுக்கு அது பிழைப்புக்கான வண்டி. எனக்கு அதுதான் வீடு. திருவொற்றியூரில் எனக்கு இருந்த வீட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் பின்பக்கச் சுவர், அடுத்த மழைக்காலத்தில் சமையலறை, அதற்கடுத்து மிச்சம். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காமாலையில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. ஆம்புலன்ஸின் பின்கதவை உள்ளிருந்து சாத்தித் தாழ் போட்ட முதல் நாள், இனி எந்தக் கடல் வந்தாலும் சாவியைத் திருகி நகர்ந்துவிடலாம் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். லாரி ஓட்டும் புருஷனிடம் அடி வாங்கி ஓடி வந்தவள். காவல் நிலைய வாசலில் அவளோடு நின்றவள் நான். வீங்கிய தாடைக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தவள் நான். செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பார்கள். சொல்லிக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியில் குடியிருப்பவளுக்கு யார் கரண்ட் இணைப்புக் கொடுப்பார்கள்? துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் ஒரு சோலார் பிளேட் வாங்கி, கூரைமேல் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டினோம். கடலில் மிதக்கும் விளக்குக்கு வைத்திருந்ததாம். ஒரு கார் பேட்டரியில் அதைச் சேர்த்தால் இரண்டு சின்ன விளக்கு எரியும். கொஞ்ச நாளிலேயே அதுவும் மங்கிவிட்டது. ஒருநாள் ஏறிப் பார்த்தால், பிளேட்டின் மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருக்கிறது. சூடாக, வழவழப்பாக, நாய் எட்டாத உயரத்தில் ஓர் இடம். மீன்காரி வேறென்ன செய்வாள்?

“யக்கா, இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற? சும்மா வெயில்லதான கீது. ரெண்டு நெத்திலி காஞ்சா கொறஞ்சிடுமா இன்னா?”

“வெயில நெத்திலி துன்னுட்டா வெளக்கு இன்னாத்தம்மே துன்னும்?” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எதையும் மன்னித்துவிடுவேன், அது என் கேடு.

மீன் தொழிலில் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விற்காமல் நின்றதைக் கடைசியில் கூறு போட வேண்டும். ஒருத்தி இரண்டு கூறாகப் பிரிப்பாள், மற்றவள் முதலில் எடுப்பாள். பிரித்தவளுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும் என்பதால் பிரிக்கும் கை நியாயமாகத்தான் இருக்கும். மற்றவள் எடுத்து முடிக்கும்வரை பிரித்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் அப்படித்தான் எல்லாம் நடந்தது, இறால் மட்டுமல்ல, வாங்கிய புடவைகூட.

ஒரு சித்திரை வெயிலில் அவள்தான் ஆரம்பித்தாள். பெரிய பிளேட் வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும், ஆளுக்கொரு காத்தாடி வேண்டும்.

“உனுக்குத்தான் மூச்சு வாங்குதுக்கா. நைட்டெல்லாம் பொரண்டுகினு கீற. காத்தாடி இருந்தா நல்லா தூங்குவ.”

எனக்காகக் கேட்கிறாளே என்று கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தில், அடுத்து அவள் கேட்டதைக் காதில் வாங்கியும் கருத்தில் வாங்கவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன டிவி ஒன்று வைத்தால் தாங்குமா என்று கேட்டாள். எங்கள் இருவருக்கும் டிவி பார்க்கும் பழக்கமே கிடையாது. டிவி இல்லாமல் சோறு இறங்காது என்று அவள் யாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தோன்றவில்லை.

புதுப் பிளேட், புதுப் பேட்டரி, பஸ் டிரைவர் தலைக்கு மேல் சுற்றுமே அந்தச் சின்னக் காத்தாடி இரண்டு, எல்லாம் வந்து இறங்கின. அவள் இன்னொன்று சொன்னாள்.

“ஆளுக்கொரு லைனா பிரிச்சிடலாம்க்கா. யார் காத்தாடி கரண்ட துன்னுச்சுன்னு சண்ட வராது. நீ கூறு போடு.”

ஒரே வீட்டுக்குள் கரண்டைக் கூறு போடுகிறவர்கள் உண்டா என்று கிண்டல் செய்தேன். ஆனாலும் மணலில் சாக்கை விரித்து, நியாயமாகவே பிரித்தேன். புதுப் பிளேட்டோடு பழைய பேட்டரி ஒரு கூறு. பழைய பிளேட்டோடு புதுப் பேட்டரி ஒரு கூறு. ஒயரைக்கூட அளந்து சரிபாதி வைத்தேன். பிறகு கழிமுகத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் எடுக்க வெகுநேரம் ஆனது. என் கூறு அவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை.

அவள் புதுப் பிளேட்டை எடுத்தாள்.

கூரையில் ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி, அவரவர் படுக்கைக்கு மேலே அவரவர் பிளேட்டை மாட்டியது நான்தான். இந்தத் தடவை தகட்டைச் சாய்வாக, தெற்கே பார்க்க நிறுத்தினேன். இனி நெத்திலியை வைத்தால் வழுக்கி விழும். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, எந்த ஒயர் எங்கே போகிறது, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தொழில் கற்கிறாள் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்குக் காத்தாடி சுற்றியபோது குழந்தைபோல் கை தட்டினாள்.

ஒரு தூறல் வந்தது. என் பக்கத்து போல்ட் வழியே தண்ணீர் இறங்கித் தலையணை நனைந்தது. மறுநாள் காலையிலேயே அவள் பிடித்துக்கொண்டாள்.

“தண்டையார்பேட்டைக்குப் போய் நல்ல ரப்பர் வாஷரா வாங்கியாக்கா. மழ புட்ச்சிகினா நீ எங்க படுப்ப? எறாலு நான் பாத்துக்கறேன்.”

“திருவொத்தியூர்லயே கெடைக்குமே.”

“அத்தெல்லாம் கலீஜுக்கா. ஒரு மழைக்குத் தாங்காது.”

சாவி எப்போதும் என் இடுப்பில். இன்னொரு சாவி அரிசி டின்னில், இருவருக்கும் தெரிந்த இடம். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. ஓட்டத் தெரிந்த ஒருவனை அவள் கூப்பிட்டுக்கொள்வாள் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை.

வாஷர் பொட்டலத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தேன். வண்டி நிற்கும் இடத்தில் வண்டி இல்லை. விரித்த சாக்கின்மேல் என் தகரப் பெட்டி, என் பாய், அடுப்பு, பக்கத்தில் என் கூறு: பழைய பிளேட், புதுப் பேட்டரி, காத்தாடி. ஒயரை அழகாகச் சுருட்டி முடிச்சுப் போட்டிருந்தாள். பிளேட்டை என் பெட்டியில் சாய்த்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே தெற்கே பார்க்க வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

பக்கத்துக் குடிசைக்காரர் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: “அவ வூட்டுக்காரன் வந்தான்க்கா. குடிய வுட்டுட்டானாம். ஒனுக்குத் தெரியும்னு சொல்லிக்கினு வண்டிய எடுத்துகினு பூட்டாங்க. ஒன் பங்க கரீட்டா வெச்சிட்டுத்தான் போய்க்கீறா. நான் பாத்துகினேதான் இருந்தேன், ஒரு ஒயரு கூட கொறையல.”

“வண்டிய யாரு கூறு போட்டது?” என்று கேட்டேன்.

அவருக்கு அது புரியவில்லை. அவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகப் பிரித்ததாகத்தான் பட்டது. உட்கார்ந்திருக்கும் தரையை யாராவது கூறில் வைப்பார்களா? நான் வைக்கவில்லை. அவள் வைத்தாள், அவளே எடுத்தாள், நான் திரும்பி நிற்பதற்கு என்னைத் தண்டையார்பேட்டை வரை அனுப்பினாள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இதில் குழியைப் பறித்ததும் என் கைதான், அவள் ஏணியை மட்டும் பிடித்தாள்.

பிளேட்டையும் பேட்டரியையும் குடிசைக்காரரிடமே விட்டுவிட்டேன். அதைத் தொடவே பிடிக்கவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்குப் பின்னால் வாடகை அறை கிடைத்தது. சாவி கொடுத்துத் திருகி நகர்த்த முடியாத அறை.

அந்த வருடம் முதல் மழை கொட்டியபோது எனக்கு ஒரே நினைப்புத்தான். என் பிளேட்டைக் கழற்றிய இடத்தில் ஓட்டைகள் அப்படியே திறந்திருக்கும். அடைக்க வேண்டிய வாஷர் என்னிடம் இருக்கிறது. ஓட்டைகள் இருப்பது என் படுக்கைக்கு நேர் மேலே, அங்கே இப்போது அவன் படுத்திருப்பான். நன்றாக ஒழுகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் ஒரு சொட்டு நனைந்தால் அவளை எழுப்பி ஈரப் படுக்கையில் தள்ளிவிட்டு, காய்ந்த பக்கம் போய்ப் படுத்துக்கொள்வான். நனையப் போவது அவள்தான். நனையட்டும் என்று சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. அவள்மேல் எனக்கு ஆறாத கோபம் அதற்காகவும் சேர்த்துத்தான்.