எந்தக் கொடி

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, கண்டி வீதி வழியே அரியாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அக்கா எனக்கு முன்னால் போனாள். தாலிக்கொடியைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி உள்ளங்கைக்குள் இறுக்கியிருந்தாள். அவளை வெறுங்கழுத்தோடு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவளுடைய கணவர், என் அத்தான், போரின் முடிவில் சரணடைந்தவர்களோடு இராணுவத்தின் பேருந்தில் ஏறினார். அதன்பிறகு தகவல் இல்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாள்வரை கொடியைக் கழற்றவுமில்லை.

எனக்கு முதலாம் வகை நீரிழிவு (சதையி, அதாவது கணையம், இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் நோய்). லொறியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. உடம்பு வற்றியது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மன்னார், புத்தளம், மட்டக்களப்பு என்று வேலை கிடைத்த இடத்தில் படுத்து, கிடைத்த நேரத்தில் சாப்பிட்டவன். இன்சுலின் ஊசிக்கு அந்தச் சீவியம் ஒத்துவரவில்லை. மருந்து வெயிலில் கெட்டது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு கிடைக்காமல் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தேன். இடது காலில் வந்த புண் ஒரு விரலைக் கொண்டுபோனது. அதன்பிறகுதான் அக்காவிடம் வந்தேன்.

வெளிநாட்டுச் சிகிச்சைக்கு ஆள் சேர்க்கும் ஒருவன் தொலைபேசியில் பேசினான்; ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கொடியிலிருந்து உயிர்க்கலங்களை எடுத்து உடம்பில் ஏற்றினால் ஊசியே வேண்டாம் என்றான். அடுப்படியில் நின்ற அக்காவுக்குக் கேட்டது ‘கொடி’ மட்டும்தான். எங்கள் ஊரில் வெறுமனே கொடி என்றால் அது தாலிக்கொடி.

அன்று ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அந்தச் சிகிச்சையைப் பற்றி நான் கேட்கத் தொடங்கியதும், அக்கா லேஞ்சியை மேசையில் வைத்து அவிழ்த்தாள்.

“இந்தாங்கோ டொக்டர்.”

டொக்டர் இளம் பெண். “என்னக்கா, நகைக்கடையெண்டு நினைச்சிட்டியளோ?”

“கொடி வேணுமெண்டு போனிலை சொன்னவன்.”

“ஐயோ அக்கா, அது தொப்புள்கொடி! பிள்ளை பிறக்கேக்கை வெட்டுற கொடி.”

நானும் டொக்டரும் சிரித்துவிட்டோம். அக்காவும் சிரித்தாள். அவளுடைய கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் அகப்படாமல் கீழே இறங்கியது. டொக்டர் சிரிப்பை நிறுத்தினார்.

தொப்புள்கொடியில் குருத்துக் கலங்கள் (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய இளம் கலங்கள்) இருப்பது உண்மை, அவற்றை நீரிழிவுக்குப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள், ஆனால் அது இன்னும் நிறுவப்பட்ட சிகிச்சை இல்லை என்று விளக்கினார். “ஆரும் விக்க வந்தால் நம்பாதேங்கோ அண்ணை. ஊசியை மட்டும் விட்டிடாதேங்கோ.” இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

திரும்பி வரும் வீதியில் நான் கேட்டேன். “அக்கா, கொடியைப் போடன்.”

“நானே என்னெண்டு போடுறது? கட்டினவரெல்லோ போடோணும்.”

“பிறகேன் கழட்டினனி?”

“ஒருத்தரைப் பாத்துக்கொண்டு வாசலிலை நிண்டது போதும். நீயும் ஊர் ஊராய்த் திரிஞ்சு எங்கையேன் விழுந்து கிடந்தால் உன்னையும் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது.”

அதன்பிறகு நாங்கள் மூன்று பேர் நடப்பதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இல்லாத விரல் செருப்புக்குள் நொந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“துடைக்கத்தான் கழட்டினனான். கோவியாதேங்கோ.”

தானே போட்டுக்கொண்டாள். பூட்டு விழ நேரமெடுத்தது. நான் உதவப் போகவில்லை. அது என் வேலை இல்லை.

முன்பெல்லாம் வேலை முடிந்தால் நாள் முடியும். இப்போது நாளை ஊசியும் சாப்பாடும் வெட்டிப் பிரிக்கின்றன. என் உடம்பை மற்றவருடைய குழந்தையைப் போல நேரம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை வீதியோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் தேங்காய் துருவும் வேலை கேட்டேன். உட்கார்ந்திருந்து செய்யலாம், புண்ணுக்கு நல்லது. நேரத்துக்குச் சாப்பாடும் உண்டு. மருந்துக் குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில், யோகட்டுக்குப் பக்கத்தில் வைக்க முதலாளி இடம் காட்டினார்.

“உன்ரை கால் ஓரிடத்திலை தரியாதெண்டு கேள்வி. எப்பவரை நிப்பாய் தம்பி?”

“ஊசி நிக்குமட்டும் அண்ணை.”

“அது எப்ப நிக்கும்?”

“நிக்காது.”

அவர் தேங்காய்த் துருவலையை என் பக்கம் தள்ளிவிட்டார்.