கட்டிலில் கூடிய மேலவை

அப்பாவுக்கு பஹ்ரைன் நாடாளுமன்றத்தின் மேலவையில் மைக் டூட்டி. தலைவர் பேரைச் சொன்னதும் அந்த உறுப்பினரின் மைக்கைப் போட வேண்டும். பேசி முடித்ததும் அணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் சபை நடக்கிற விதம் முழுக்க அவருக்கு அத்துப்படி.

"கீழவைக்கு ஜனங்க ஓட்டுப் போடுவாங்க. மேலவைக்கு ராஜா ஆள் போடுவார். கீழ எழுதுனதை மேல இன்னொரு தரம் படிச்சுப் பார்ப்பாங்க. ரெண்டும் ஒத்துக்கிட்டாத்தான் சட்டம்" என்பார். அதுவரை மேலவை என்றால் மாடி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஈசா டவுனில் ஒற்றை அறை வீடு. நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம் வாடகை ஏறியது. அம்மாவையும் என்னையும் தம்பியையும் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ஒத்தை ஆளா முடிவு பண்ணுனா எப்படி மச்சான்? சபையைக் கூட்டுங்க."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்த வாயால் சரி என்றும் சொல்லிவிட்டார்.

பாயில் கீழவை: அம்மா, நான், தம்பி. கட்டிலில் மேலவை: அப்பா, மாமா. அப்பா தலைவர். இங்கேயே இருப்பது என்று நாங்கள் சட்டம் போட்டோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சட்டம் கட்டிலுக்குப் போனது. மாமா "முவாஃபிக்" என்றார். சம்மதம் என்று சொல்ல அந்தச் சபையில் அதுதான் வார்த்தை. அப்பா இல்லை என்றார்.

"ஒண்ணுக்கு ஒண்ணு. சமமா வந்தா தலைவர் இருக்கிற பக்கம்தான் செல்லும் மாப்ள."

அம்மா பாயிலிருந்து கேட்டாள்: "ஏங்க, உங்க மேலவையில பொம்பளைங்களே கிடையாதா?"

அப்பா நினைத்திருந்தால் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்கு என்ன தெரியும்?

"இருக்காங்க. அவங்க மைக்கையும் நான்தான் போடுறேன்" என்றார்.

"அப்புறம் என்ன? அக்கா, ஏறு மேல! ஆள் போட வேண்டியது நீங்கதான் மச்சான், போடுங்க" என்றார் மாமா.

அப்பா நகர்ந்து இடம் விட்டார். அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "மூவா பிக்கு" என்றாள். தம்பி கை தட்டினான். இரண்டுக்கு ஒன்று.

"கலாஸ்" என்றார் அப்பா. முடிந்தது என்று அர்த்தம். ஊருக்கு அனுப்பும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. தன்னைத் தோற்கடித்த சட்டத்துக்கு அப்படி அடங்கி நடந்த ஆம்பிளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்பினார். எங்கே என்று கேட்டேன்.

"மேலவை இப்ப சாயங்காலமும் கூடுதும்மா."

பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். திரும்பி வரும்போது அவர் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசம் அடிக்கும். மேலவை ரொம்பச் சுத்தமான இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.