கோயிலுக்கு வந்தோம் என்று சொன்னேன்

நான் பொய் சொல்லி ஒரு ஜெட்டியை மூட வைத்தேன். பழைய மரப் படகுத்துறை அது. அதை நம்பி அடுப்பு மூட்டிய குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு நான்தான் வினை வைத்தேன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன்... அதோடு மூடி வைத்துவிடுவேன். சாமி பெயருக்குக் கீழே இதை எப்படி எழுதுவது? இன்று சுழி போடாமலே ஆரம்பித்திருக்கிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது ஈப்போவுக்கு வந்து, தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகி, அதிலேயே வயதாகிவிட்டது. எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், உள்ள முருகன் கோயில் கமிட்டியில் நானும் ஒருவன். தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் காவடி எடுப்பவன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் பொய் இங்கிருந்துதான் முளைத்தது.

எனக்கு இன்னொரு பித்தும் உண்டு. தூண்டில்!

எங்கள் கூட்டாளிகள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போவோம். அங்கே கோபால் அண்ணன் என்று ஒரு தெக்கோங். படகு ஓட்டுபவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் படகை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விடியும் நேரத்தில் கடலுக்குள் போய், மதியம் திரும்புவோம். அவர் மனைவி பாக்கியம் அக்கா ஜெட்டி வாசலில் தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்.

நாங்கள் அந்த ஊருக்குக் கொடுத்தது படகு வாடகை மட்டும்தான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. தூண்டிலில் மாட்ட உயிர் இறால் வேண்டும். அதை விடியற்காலையில் சேற்றில் இறங்கிப் பிடித்துக் கொடுத்தது ஒரு மலாய்க் குடும்பம். ஐஸ் கட்டி ஒரு சீனர் கடையில். அவரிடமே ஈயக் குண்டும் தூண்டில் நரம்பும் வாங்குவோம். படகு இஞ்சினைப் பார்க்க ஒரு மெக்கானிக். திரும்பி வந்ததும் மீனைச் செதில் எடுத்து அறுத்துக் கொடுக்க இரண்டு பெண்கள். அக்கா கடையில் காலைப் பசியாறல், மதியச் சோறு, வீட்டுக்கு வாங்கிப் போக ஒரு பொட்டலம் கருவாடு. மழை பிடித்துக்கொண்டால் அதே ஊரில் ராத்தங்கல்.

கோபால் அண்ணன் சுக்கானைப் பிடித்தபடி சொல்வார்: "தம்பி, நான் வலை போட்ட காலத்துல மீன் வந்தாத்தான் வீட்டுல உலை கொதிக்கும். இப்போ உங்க தூண்டில்ல ஒரு மண்ணும் மாட்டலன்னாலும் கொதிக்குதுலா! மாட்டலன்னாத்தான் ரொம்ப நல்லது. ரோஷத்துல அடுத்த வாரமும் வருவீங்க!"

சிரிப்போம். அவர் சொன்னது உண்மை. கடலில் மீன் குறைந்துபோன ஊர் அது. மீன் பிடிக்கிற எங்கள் ஆசையை வைத்துத்தான் அங்கே பிழைப்பு நடந்தது.

அந்த வருடம் தைப்பூச விரதம் தொடங்கியது. நாற்பத்தெட்டு நாள். அசைவம் தொடக்கூடாது, உயிரைக் கொல்லக்கூடாது. கழுத்தில் மாலை போட்டிருந்தேன். இரண்டு ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மூன்றாவது ஞாயிறு... முடியவில்லை.

ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் உண்டு. "கடலோரக் கோயில்ல போய்க் கும்பிட்டுட்டு வாரேன்" என்று என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள். சாமிக்குப் போடச் சாமந்தி மாலையும் தொடுத்துக் கொடுத்தாள். படகு ஏறுமுன் அந்த மாலையைப் போட்டு, சூடம் கொளுத்தி, அவசரமாக ஒரு கும்பிடு. சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டதாக நினைத்தேன்! யாரை ஏமாற்றினேன்? முனீஸ்வரரையா?

அன்று மதியம் திரும்பி வந்தபோது, ஜெட்டிக்கு வெளியே மரத்தடியில் ஃபாரக் கட்டோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ அலுவலகத்தில் தற்காலிக வேலை. முன்னால் போன என்னைத்தான் முதலில் பிடித்தாள்.

"ஜெட்டிப் பலகையெல்லாம் இத்துப்போச்சுல்ல அங்கிள், அதான் கணக்கெடுக்கிறோம். மீன் பிடிக்க எத்தனை பேர் வர்றாங்க, இந்த ஊர்ல என்னென்ன வாங்குறாங்கன்னு பார்த்துட்டுத்தான் புதுசாக் கட்டுறதா மூடுறதான்னு முடிவு பண்ணுவாங்களாம். நாலு வாரம் இங்கதான் இருப்பேன்."

நன்றாகக் கவனியுங்கள். எல்லாம் தெரிந்துதான் பொய் சொன்னேன். எதற்கான ஃபாரம் என்று என்னிடம் தெளிவாகச் சொல்லப்பட்டது.

பேசிக்கொண்டே அக்கா கடை வாசலுக்கு வந்துவிட்டோம். எந்த ஊர் என்று கேட்டாள். ஈப்போ என்றேன். எந்தத் தாமான் என்றாள். சொன்னேன்.

"அட! எங்க அத்தை அங்கதான் இருக்காங்க! கோயிலுக்குப் பின்னாடி வரிசை." என் கழுத்து மாலையைப் பார்த்தாள். "நீங்க வருஷா வருஷம் காவடி எடுக்கிற அங்கிள்தானே?"

என் தூண்டில்கள் கடைச் சுவரில் சாய்ந்து நின்றன.

வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா என் முகத்தைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, தூண்டில்களை அள்ளித் தகரத்துக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டார்.

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். "மீன் பிடிக்கத்தானே வந்தீங்க அங்கிள்?"

"சேச்சே! விரதத்துல மீனா? கோயிலுக்கு வந்தோம்லா."

"பன்னெண்டு பேருமா?"

"எல்லாரும்தான்."

பின்னால் நின்ற என் கூட்டாளி மணியம் காதருகே முணுமுணுத்தான்: "மச்சான், அப்போ ஐஸ் பெட்டிக்குள்ள படுத்திருக்கிறது சாமியா?"

அக்கா முந்திக்கொண்டார். "ஆமா பாப்பா, சாமி கும்பிட வந்தவங்கதான். சாப்பிட்டுப் போவாங்க." என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார். மரத்தடியில் அந்தப் பெண் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. தன் கடைக்குத் தானே பூட்டுப் போடுகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். நான் பொரித்த பழம் தின்றுகொண்டிருந்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு வேன் ஆட்கள்தானே என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஆனால் பயம் வந்துவிட்டது. அடுத்த வாரம் வேறு யாராவது அதே பெண்ணிடம், ஈப்போக்காரர் எங்களோடு மீன் பிடிக்க வருவார் என்று உளறிவிட்டால்? அவள் அத்தைக்குத் தெரிந்தால் செல்விக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியும்...

வீட்டுக்கு வந்ததும் எங்கள் தூண்டில்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். ஈப்போ, பத்து காஜா, சுங்காய் ஆட்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்த ஜெட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். "ஜெட்டியில் ஒரு பெண் ஃபாரம் வைத்துக்கொண்டு நிற்கும். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் கோயிலுக்கு என்று சொல்லுங்கள். விரத நேரம், நமக்கு எதற்கு வம்பு." அவ்வளவுதான். கட்டை விரல்கள் வரிசையாக வந்தன. வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள். நாலு ஞாயிறும் எல்லாரும் கோயிலுக்கு வந்தார்கள்!

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். காவடி எடுத்து முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காவடி எடுத்தேன். மாலையைக் கழற்றினேன். சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஜெட்டியில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். மீன் பிடிக்க ஆள் வருவதில்லையாம். ஆனால் முனீஸ்வரர் கோயிலுக்குத் தார்ச்சாலை வந்தது. கார் நிறுத்த இடம், கழிப்பறை, குழாய்த் தண்ணீர் எல்லாம் வந்தன. அத்தனை பக்தர்கள் வருகிறார்களே!

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அடுத்த ஞாயிறே தள்ளியிருந்த வேறு ஜெட்டிக்குப் போனோம். வேறு படகு, வேறு தெக்கோங், வேறு கடையில் பசியாறல். யாரும் கோபால் அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. நானும்தான்.

இரண்டு வருடம் கழித்து, ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கை கழுவப் போனேன். குனிந்து மங்கும் தட்டும் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார்.

"தம்பி! நல்லா இருக்கீங்களா?"

பாக்கியம் அக்கா.

"நீங்க எங்கக்கா இங்க?"

"ஜெட்டிய மூடிட்டாங்களே. அங்க ஐஸ் கடை இல்ல, இறால் பிடிச்சவங்க இல்ல, யாரும் இல்ல. வேற ஜெட்டியில எங்க படகக் கட்ட இடம் குடுக்கல. அவரு இப்போ செம்பனை ஆலையில ஜாகா, கேட்டுல காவல். கடலப் பார்க்காம தூக்கம் வரலன்னு பொலம்புறாரு." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "மீன் பிடிக்க ஒரு ஆளுகூட வரலன்னு எழுதியிருக்காங்களாம் தம்பி. இது எப்படி? அத்தனை பேருக்கு நான் சோறு போட்டேனே... யாரு போய் அப்படிச் சொல்லியிருப்பா?"

குழாய் திறந்தபடி இருந்தது. அதை மூடினேன். அதுமட்டும்தான் செய்தேன்.

"தெரியலயேக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "இந்த வருஷமும் காவடி உண்டா? எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்குங்க."

வேண்டிக்கொண்டேன். அந்தத் தைப்பூசத்தில் காவடி தோளில் இருந்தது, கனம் தெரியவில்லை. அலகு குத்தினார்கள், வலி தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முருகன் அருள் என்றார்கள். அருளா அது? எனக்குள் ஏதோ மரத்துப்போயிருந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், திருநீறு பூசுகிறேன். தூண்டில்கள் கடைசியாக நான் வைத்த மூலையிலேயே கிடக்கின்றன. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பிடிக்கும் ஆசை போய்விட்டது, அவ்வளவுதான்.

செல்வி இன்னும் எல்லாரிடமும் சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரர் விரதத்துல கடலோரம்வரைக்கும் போய்ச் சாமி கும்பிடுவாரு."

அக்காவைத் தேடி மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். வேலையை விட்டுவிட்டாராம். எங்கே என்று தெரியவில்லையாம். அதைக் கேட்டு என் மனதில் ஒரு மூலை நிம்மதி அடைந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், எப்படியாவது பாக்கியம் அக்கா கைக்குப் போய்ச் சேரட்டும். அன்று நான் அனுப்பிய பொய்யை யாரும் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினார்கள். இதையும் அப்படியே அனுப்புங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் திருத்தாதீர்கள். எதற்கு வந்தான் என்று யாராவது கேட்டால் மீன் பிடிக்க வந்தான் என்று சொல்லுங்கள்.