புகை குடித்த வீடு

என் அத்தை வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டவள் இல்லை. ஆனால் அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய புடவையில் இருந்த சிகரெட் நாற்றம்தான். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெளிர்நிறக் காட்டன் புடவை, தோளில் குத்திய ஊக்கு, கழுத்தில் மாதா டாலர் கோத்த கறுப்புக் கயிறு. இவ்வளவு சுத்தத்துக்கும் நடுவில் அந்தப் பழைய, கசந்த நாற்றம். பூசையில் பக்கத்தில் முழங்கால் போடுகிற பெண்கள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொள்வார்கள். அத்தை செபமாலையை உருட்டியபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுபதுகளின் மரக்காணத்தில், கல்யாணமாகாத ஒரு பெண்ணின் புடவையில் அந்த நாற்றம் அடித்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

அவள் என் அப்பாவுக்கு மூத்த அக்கா. பங்குப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. இழுப்புக்காரியை யார் கட்டுவார்கள் என்று தாத்தா காலத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடையில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் அவளுடைய கட்டில், தையல் மிஷின், ஒரு டிரங்குப் பெட்டி. அம்மா சவுக்கு விறகை வைத்து அடுப்பு மூட்டினால் புகை முதலில் அத்தையைத்தான் விசாரிக்க வரும். அவள் சத்தம் போடாமல் எழுந்து தெருவாசலில் போய் நின்றுகொள்வாள். புகை ஆகவே ஆகாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கெட்டவள் இல்லை. அடுப்பு மூட்டாமல் எப்படிச் சோறாக்குவது? யார்மேலும் குற்றமில்லாமல் ஒருத்திக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அத்தைக்கு வேண்டியிருந்ததெல்லாம் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு.

அப்படித்தான் மேனேஜர் வீடு வந்தது. ஊரை விட்டு உப்பளத்துக்குப் போகிற பாதையில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள ஓட்டு வீடு. உப்பளக் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்தவர் பெண்டாட்டி போன பிறகு அங்கே தனியாக இருந்தார். உப்புக்காற்று பட்டால் சாமானெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று ஜன்னலைத் திறக்கமாட்டார். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சிகரெட் ஊதினார். சாமான் துருப்பிடிக்காமல் தப்பித்தது. மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மெட்ராஸில் இருந்த மகன் வீட்டை விற்கப் பார்த்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசற்படியோடு திரும்பினார்கள். அத்தை போய்க் கேட்டதும் அவன் சாவியை எடுத்து நீட்டிவிட்டான். "நாத்தம் போவுதான்னு பாருங்க டீச்சர். போனா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்றான்.

அப்பாவுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. "தனியா அங்க போய் நீ இருந்தா ஊரு என்னைத்தான் கேக்கும்க்கா. இங்க உனக்கு என்ன கொறச்சல்?" என்றார்.

"உன்னைக் கேட்டா என்கிட்ட அனுப்பிடு" என்றாள் அத்தை.

கதவைத் திறந்த முதல் நாள் நானும் அவளோடு போயிருந்தேன். அது புகை நாற்றம் மாதிரியே இல்லை. புகைக்கு ஒரு சூடு உண்டு. இது ஆறிப்போய், புளித்து, சுவரோடு ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று. சுவரைத் தொட்டால் எண்ணெய்த் தலையைத் தொட்ட மாதிரி விரல் பிசுபிசுத்தது. காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக இருந்தது, மற்றதெல்லாம் பழுப்பு. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். கொக்கிகள் இறுகிக் கிடந்தன. எல்லாவற்றையும் திறந்த பிறகு வாசலுக்கு வந்து வெகுநேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "காத்தாட வுட்டா சரியாப் பூடும்" என்றாள்.

காத்தாட விட்டும் போகவில்லை. சலவை சோடா கரைத்துச் சுவரைத் தேய்த்தாள். டிகாஷன் மாதிரி தண்ணீர் வழிந்தது. சுண்ணாம்பு அடித்தாள். நாலு நாளில் வெள்ளையை மீறிக்கொண்டு மஞ்சள் கறை மேலே வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. உத்தரத்துக் கட்டைகளைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அறுத்த வெங்காயத்தைத் தட்டில் வை என்றார்கள், எலுமிச்சம்பழம், கூடை கூடையாக அடுப்புக்கரி, வேப்பிலைக் கொத்து, வறுத்த காப்பிக்கொட்டைத் தூள். கொஞ்ச நாள் அந்த வீடு ஊறுகாய்க் கடையாக நாறியது, அதற்கு அடியில் சிகரெட் அப்படியே இருந்தது. யாரோ சாம்பிராணி போடச் சொன்னார்கள். புகையை விரட்ட ஒரு புகையா என்று அப்பா கிண்டல் செய்தார். அத்தை அதையும் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது.

கடைசியில் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது உப்பு. எங்கள் ஊரில் எதற்கும் உப்புதான் மருந்து. பல்வலிக்கு உப்பு, கண்ணேறுக்கு உப்பு, மீன் கெடாமலிருக்க உப்பு. அத்தையிடம் தையல் படித்த பெண் ஒருத்தியின் அப்பாவுக்குச் சொந்தமாக உப்பளம் இருந்தது. "உப்பு எல்லாத்தையும் இழுத்துக்கும் டீச்சர்" என்று சொல்லி மாட்டுவண்டி நிறையக் கல்லுப்பைக் கொண்டுவந்து அவரே கொட்டினார். அறை அறையாகக் கணுக்கால் புதையப் பரப்பி, சுவரோரம் குவித்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். எல்லாரும் உப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஈரக்காற்று அடித்தால் அடுப்படி ஜாடியிலேயே உப்பு கசிவதைத் தினம் பார்க்கிறவர்கள். ஒருத்தருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. கோடைமழை ஒன்று பிடித்துக்கொண்டது. போய்த் திறந்து பார்த்தால் உப்பு இழுத்தது தண்ணீரைத்தான். தரையெல்லாம் உப்புத்தண்ணீர் நின்று, பாதிச் சுவருக்கு ஊறி ஏறியிருந்தது. அத்தையும் நானும் முறத்தால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினோம். வெடிப்பு விழுந்திருந்த என் கால் எரிந்த எரிச்சல் இப்போதும் நினைவிருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு வந்த அக்னி வெயிலில் சுவர் காய்ந்தது. மேல்காற்று வீடு முழுக்கப் புகுந்து புறப்பட்டது. நாற்றம் குறைந்துவிட்டது. அத்தை "போயிடுச்சு" என்று அறிவித்துவிட்டு, ஆள் ஆளாகக் கூட்டிக்கொண்டு போய் மோந்து பார்க்கச் சொன்னாள். இப்போது நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அவள் கூட்டிப்போனவர்களில் பாதிப் பேர் பீடிக்காரர்கள். வீட்டை மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் மூக்குப்பொடி போடுகிறவர். தீர்த்தம் தெளித்து முடித்து, நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்து, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். மற்றவர்கள் டீச்சர் மனசு நோகக்கூடாதென்று தலையாட்டினார்கள்.

அப்பா மட்டும் ஆட்டவில்லை. உத்தரத்துக்குக் கீழே போய் நின்று, சுவரில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்குதுக்கா. மழை வந்தா மறுபடி எழும்பும். உன் ஒடம்புக்கு இது வேணாம்" என்றார்.

"உனக்கு இருக்கும்டா. அந்தத் திரைக்குப் பின்னாலயே நான் கெடக்கணும்னு நெனக்கிறவனுக்கு இருக்கத்தான் செய்யும்."

அப்பாவின் மூக்கு சொன்னதா, மனசு சொன்னதா என்று அன்றைக்கு எனக்கும் சந்தேகம்தான். அம்மாவே, "அண்ணி ஆசைப்பட்டு ஒண்ணு கேக்குறாங்க, அதுக்கும் குறுக்க நிக்கிறீங்களே" என்றாள். ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் வாயில் உண்மை வந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்த மாதமே அத்தை வீட்டை ரிஜிஸ்டர் செய்தாள். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால், தையல் மிஷினின் தலைப்பாகத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடந்து போனாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

ஐப்பசி பிறந்தது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கியதும் உப்பு ஊறிய சுவர்கள் வியர்த்தன. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்திலெல்லாம் மேனேஜர் எழுந்து வந்தார். வெறும் நாற்றமாக இருந்தால் என்றைக்காவது மங்கியிருக்கும். நாங்கள் போட்ட உப்பு மழைதோறும் ஈரத்தை இழுத்து அதை உயிரோடு வைத்திருந்தது. அம்மா கஞ்சியோ குழம்போ கொண்டுபோனால் அத்தை வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வாள், உள்ளே கூப்பிடமாட்டாள். மழையில் குடையை விரித்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு சட்டைகளுக்குக் காஜா எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். "உள்ள வெளிச்சம் பத்தல" என்பாள்.

நாற்றம் அவளுடைய துணிகளில் ஏறியது. முதலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு புதிதாக வந்த சிஸ்டர் ஒருவர், "டீச்சர் வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறாங்க?" என்று கேட்டார். அத்தை விளக்கம் சொன்னாள். மேனேஜர் செத்து எத்தனையோ நாளாகிவிட்ட பிறகு அந்த விளக்கம் யாருக்குத் தேவை? ஊருக்கு அதைவிட ருசியான விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டது. ராத்திரியில் யார் வருகிறார்கள் என்பதுவரை டீக்கடையில் பேசினார்கள். அப்பாவின் காதிலேயே அதைப் போட்டான் ஒருவன். ஆயுசு முழுக்கக் கைபடாமல் இருந்தவளை ஒரு செத்த கிழவனின் புகை கெடுத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அவளை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை, ஓய்வெடுங்கள் என்று நயமாகத்தான் சொன்னார்கள். அந்த மழையிலேயே இழுப்பு முற்றி, அப்பா அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வீட்டை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னதற்கு அத்தை தலையாட்டினாள்.

வந்தது ஒரே ஒரு பார்ட்டிதான். பெருமுக்கல் பக்கத்துக்காரர்கள். புருஷனுக்கு இங்கே வேலை கிடைத்திருந்தது. பெண்டாட்டி இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் போயிருந்தோம். உள்ளே காலை வைத்ததும் அந்தப் பெண் நின்றாள். "என்னங்க, ஒரு மாதிரி வாசனை அடிக்குதே?" என்றாள்.

அப்பா பொய் பேசத் தெரியாதவர். எங்கள் வீட்டில் அது ஒரு தொந்தரவாகவே இருந்தது. அவர்தான் சொன்னார்: "பூட்டி வெச்ச வீடு இல்லீங்களா, அதான்மா. ஒரு தடவ வெள்ளையடிச்சா பூடும்."

"போவாதும்மா" என்றாள் அத்தை. "நான் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். இது சிகரெட் நாத்தம், செவுத்துக்குள்ள எறங்கிப்போச்சு. கைப்புள்ளய வெச்சிக்கினு இங்க வராத."

அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை. அந்த வீடு விற்கவே இல்லை, ஒரு புயலில் ஓடு போய், பிறகு சுவரும் போயிற்று. அத்தை எங்கள் வீட்டு நடையில்தான் இறந்தாள். ஆனால் எனக்கு முடிவென்று மனதில் நிற்பது அன்றைக்கு நாங்கள் திரும்பி நடந்ததுதான். இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. கோபத்தில் விறுவிறுவென்று முன்னால் போன அப்பா, சட்டென்று நின்று திரும்பினார்.

"போவாதுன்னு உனக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

"சாவி வாங்கின அன்னிக்கே."

"அப்புறம் எதுக்கு வாங்கினே? நான் தலைபாடா அடிச்சிக்கினேனே!"

அத்தை மூச்சு வாங்க நின்றாள். "கோயில் தெருவுல ஒரு வீடு கேட்டேன். கூனிமேட்டுல ஒண்ணு கேட்டேன். வாடகைக்குக்கூட கேட்டுப் பாத்தேன்டா. எல்லா எடத்துலயும் உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னுதான் கேட்டாங்க. இவன் ஒருத்தன்தான் கேக்கல. அந்த நாத்தத்த யாரு தலையிலயாவது கட்டினா போதும்னு இருந்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ என்னடா குடுத்திருப்பே?"

அத்தையின் அன்றைய வயதை நான் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவும் இருக்கிறது. அந்தக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அப்பாவுக்குப் பதிலாக நான் பதில் தேடியிருக்கிறேன். எங்களிடம் கொடுக்க ஒரு அறை இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பின்பக்கம் ஒரு ரூம் போட்டுக் கொடுத்திருப்பேன் அக்கா என்று அவர் சும்மாவாவது சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் முன்பின் தெரியாதவர்களிடம் அவருக்குப் பொய் வந்ததே.

அவர் சொல்லவில்லை. அத்தை கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூச்சு திரும்பியதும், "நடடா, மழ வருது" என்றாள்.