அழாத பாலன்

ஆவூரில் ஏசி ரிப்பேர் என்றால் பிராங்க்ளினைத்தான் கூப்பிடுவார்கள். டிசம்பரில் மட்டும் கூப்பிட்டாலும் வரமாட்டான்; பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு வருஷம் ஒரு புதுப்பாட்டு அவன் பொறுப்பு. குவைத் வெயிலில் வெந்து திரும்பியவன், எழுதுவதெல்லாம் பனியும் குளிரும்தான். வெளியே மழை கொட்டிச் சேறாகக் கிடக்கும். இவன் குடிலில் பஞ்சைப் பிய்த்துப் போட்டு, பனி என்பான். அவன் மனசை நோகடிப்பானேன் என்று ஊரும் நம்பிவிடும்.

போன வருஷப் பல்லவி, "தொழுவத்தில் அழாத பாலனே." அந்த 'ழா'வில் நீளமாக ஒரு இழுப்பு. பிராங்க்ளினின் உயிரே அதில்தான் இருந்தது. பாடும்போது எந்த வீட்டுப் பிள்ளையாவது சிணுங்கினால் உதட்டில் விரலை வைத்து முறைப்பான்.

மனைவி ஷர்லிக்கு அப்போது நிறைமாதம், தலைப்பிரசவம். பாட்டைக் கேட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, மாட்டுத் தொழுவத்துல, கொசுக்கடியில, பொறந்த புள்ள அழாமயா இருக்கும்?"

"பாட்டுன்னா ஒரு அழகு வேணாமா?"

"மாதாவோட இடுப்புவலி ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது!"

கேரல் வேன் சேற்றில் சிக்கி எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மாலையில் போன் வந்தது. வலி கண்டுவிட்டதாம். தலையிலிருந்த சிவப்புக் குல்லாவைக்கூடக் கழற்றாமல் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

பிரசவ அறை வாசலில் மாமியார் ஞானமணி ஜெபமாலையோடு நின்றிருந்தாள். ஒரு நர்ஸ் எட்டிப்பார்த்து, "பொறந்துருச்சு" என்றாள்.

"அழுதுச்சாம்மா?" என்றாள் ஞானமணி.

அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"மாப்ள, சத்தமே காணோமே..."

ஆசை ஆசையாகப் பிராங்க்ளின் எழுதிய அமைதி, அந்தக் கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. இத்தனை வயசில் அவன் இப்படிப் பயந்ததே இல்லை. சேற்றுக் கையைக் கூப்பி, "ஆண்டவரே, அழச் சொல்லுங்க! தொண்ட கிழிய அழச் சொல்லுங்க!" என்று வாய்விட்டுக் கெஞ்சினான்.

வீல் என்றொரு சத்தம். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. ஞானமணி சிரித்தாள். பிராங்க்ளின்தான் தேம்பித் தேம்பி அழுதான். பெண்குழந்தை.

கண்ணைத் துடைத்த கையோடு, கீபோர்டு வாசிக்கும் பெலிக்ஸுக்குப் போன் போட்டான். "டேய், பாட்டுல 'அழாத' வேணாம். 'அழுத'ன்னு மாத்திரு."

"இழுப்புக்கு எடமில்லையேண்ணே."

"இல்லாட்டிப் போவுது."

பழகிய நாக்கு விடுமா? வீட்டுக்கு வீடு "அழூ...த பாலனே" என்று இழுத்துவைத்தார்கள். கூடவே வந்த ஃபாதர் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே இருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குழு பிராங்க்ளின் வீட்டுக்கு வந்தது. பல்லவி எடுத்ததுதான் தாமதம், ஷர்லி மடியிலிருந்த பிள்ளை வீரிட்டது. பழக்கதோஷத்தில் பிராங்க்ளின் விரல் உதட்டுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, அந்த விரலைப் பிள்ளையின் கைக்குள் கொடுத்தான். குழுவும் பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது.

"ஏன்டா நிறுத்திட்டீங்க?" என்றான். "பெலிக்ஸ், சுருதிய ஏத்து. பாப்பாவுக்கு எட்டல."